மாப்ளைக்கு, குலைநோய் பத்தி

மாப்ள,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன். வாட்ஸ்அப்ல பதில் போட்டா நாலு வரியோட முடிஞ்சிரும், போன்ல பேசினா நீ என்னைய பேச விடமாட்ட, அதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்க.

மொதல்ல உன் நெல்லு வயல். போட்டோவுல கதிரு வெளுத்து நிக்குது, கழுத்து கருத்துப் போயிருக்கு. குருத்துப்பூச்சின்னாலும் வெள்ளைக்கதிர் வரும்தான், ஆனா அத புடிச்சு இழுத்தா லேசா கையோட வந்துரும். உன்னுது இழுத்தா வரல, கழுத்துல ஒடியுதுன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன சந்தேகம், கழுத்துக் குலைநோய்தான், நெல்லுக்கு பூஞ்சாணத்தால வர்ற நோய். பிபிடி 5204 ரகத்த போட்டுட்டு, பனி கொட்டுற மார்கழில, பக்கத்து வயல் பச்சையா இருக்குன்னு யூரியாவ இன்னொரு ரவுண்டு வீசினா அது வராம என்ன செய்யும். திட்டல டா, ஊரே அதான் பண்ணுது. எனக்கு எரிச்சல் அந்த உரக்கடைக்காரர் மேலதான். கதிரு வெளுத்ததுக்கு அப்புறம் போயி ட்ரைசைக்ளசோல் குடுத்து அடிக்கச் சொல்லியிருக்காரு பாரு. அந்த மருந்து குலைநோய்ப் பூஞ்சாணத்த கொல்லவே கொல்லாது, அது செய்யிற வேலையே வேற. அந்த வேலை என்னன்னு சொன்னா, "இத்தன வருஷமா ஒரே பூஞ்சாணத்த வச்சுக்கிட்டு அந்த லேப்ல என்னதான்டா பண்றீங்க"ன்னு கேட்டியே, அதுக்கும் சேத்து பதில் சொன்ன மாதிரி ஆயிரும்.

இலையில வர்ற புள்ளி பாத்திருப்ப, ரெண்டு பக்கமும் கூரா, நடுவுல சாம்பல் கலரு, ஓரத்துல பழுப்பு. ஈரமான ராத்திரில அந்த ஒரு புள்ளில இருந்தே ஆயிரக்கணக்குல ஸ்போர் கெளம்பும். மூணு அறை வச்ச குட்டி வித்து, கண்ணுக்குத் தெரியாது. பனித்தண்ணில இலை மேல வந்து விழுந்ததும் நுனியில இருந்து ஒரு பசைய விட்டு ஒட்டிக்கும், ஒரு ரெண்டு மணி நேரத்துல முளைச்சு குட்டியா ஒரு குழாய் விடும். இங்கதான் விஷயமே இருக்கு. நெல்லு இலை மேல மெழுகு, தண்ணியே ஒட்டாது, திங்க ஒண்ணும் கெடையாது. வெயில் ஏறுறதுக்குள்ள உள்ள போகணும், இல்லன்னா அங்கயே காஞ்சு சாகணும். அந்த நெருக்கடியிலதான் குழாய் நுனி உப்பி ஒரு உருண்டையாகும், அப்ரசோரியம்னு சொல்லுவோம், காலேஜ்ல எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணமே அதான். உருண்டையோட சுவத்துல மெலனின்ங்கிற கருப்பு நிறமிய பூசிக்கும். உள்ள கிளிசரால் சேத்துக்கிட்டே போகும், வேற ஒண்ணுமில்ல, மருந்துக்கடையில விக்கிற கிளிசரின்தான். மெலனின் பூசுன சுவரு தண்ணிய உள்ள விடும், கிளிசரால வெளிய விடாது, அதனால தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருக்கும், அழுத்தமும் ஏறிக்கிட்டே இருக்கும். எம்புட்டு அழுத்தம்னு 1991ல அளந்து சொன்னாங்க, 80 அட்மாஸ்பியர் வரைக்கும் போகுது, கார் டயர்ல நாம அடிக்கிற காத்துல கிட்டத்தட்ட 40 மடங்கு. உள்ள இருக்கிறது கிளிசரால்னு கண்டுபுடிச்சது 1997ல, இங்கிலாந்துல நிக் டால்பட் குரூப். அடியில இலைய ஒட்டி ஒரு எடத்துல மட்டும் மெலனின் இருக்காது, மொத்த அழுத்தமும் அந்த ஓட்டை வழியா ஊசியா எறங்கி இலைத்தோல துளைச்சிரும்.

இதெல்லாம் பண்ண சத்து எங்க இருந்து வருதுன்னு நெனச்சுப் பாரு, வெளிய இருந்து எதுவும் கெடைக்காது. அது தன்னையே தின்னுது மாப்ள. அந்த மூணு அறை வித்து இருக்குல்ல, அது உள்ள இருக்கிறத எல்லாம் செரிச்சு உருண்டைக்கு அனுப்பிட்டு தான் செத்துரும். அந்த சாவ ஜீன்ல கைவச்சு தடுத்துப் பாத்தாங்க, 2006ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு, வித்து சாகல, ஆனா நோயும் வரல. நான் எம்எஸ்சி படிக்கிறப்ப இத மொத தடவ வாசிச்சுட்டு மெஸ்ஸுக்கே போகாம திரும்பத் திரும்ப படிச்சேன். எல்லாரும் நோய் "தாக்குது" தாக்குதுன்னே சொல்றோம், ஆனா உள்ள பாத்தா அது பட்டினியில கெடக்குற ஒரு ஜீவன் உசுரு பொழைக்க பண்ற வேலைதான். எங்க லேப்ல நடக்குற பாதி வேலை இந்தப் பட்டினிய சுத்தித்தான்.

நல்ல சாப்பாடு போட்ட லேப் பிளேட்ல இந்தப் பூஞ்சாணத்த வளத்தா அது அப்ரசோரியம் போடவே போடாது, சும்மா பஞ்சு மாதிரி படர்ந்துக்கிட்டு கெடக்கும். அதே ஸ்போர எடுத்து வெறும் தண்ணில கலந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட் மேல சொட்டு விட்டா, ராத்திரிக்குள்ள வரிசையா கருப்பு உருண்டை போட்டு வச்சிருக்கும். இலை கூட வேணாம் அதுக்கு, வழுவழுன்னு கெட்டியா ஒரு பரப்பு, தின்ன ஒண்ணும் இல்லங்கிற நெலம, அது ரெண்டும் போதும். உள்ள போறத பாக்கணும்னா வெங்காயத் தோல் வச்சுப் பாப்போம், கண்ணாடி மாதிரி இருக்கும்ல. எங்க லேப் பக்கம் வந்தா ஸ்போருக்கு வளக்குற ஓட்ஸ் அகார் வாசமும் வெங்காய வாசமும் கலந்து அடிக்கும், புதுசா வர்ற ஸ்டூடண்ட்ஸ் கேன்டீன்னு நெனச்சுக்குவாங்க.

இன்னொன்னு. பிளேட்டுல இருந்து பிளேட்டுக்கு மாத்தி மாத்தி சொகுசா வளத்துக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல ஸ்போர் போடுறது கொறையும், அப்புறம் நோய் உண்டாக்குற சக்தியே போயிரும். மறுபடி நெல்லுச் செடியில ஏத்தி, புள்ளி வரவச்சு, அதுல இருந்து பிரிச்சு எடுத்தாத்தான் பழைய வீரியம் வரும். ஆனா பில்டர் பேப்பர் துண்டுல வளரவிட்டு, நல்லா காயவச்சு, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல போட்டுப் பாரு, வருஷக்கணக்குல அப்படியே உசுரோட இருக்கும், எடுத்து வச்ச அடுத்த நாளே வளர ஆரம்பிக்கும். கரெண்ட் போனா எங்க சார் மொதல்ல ஓடுறது அந்த ஃப்ரீசர் கிட்டதான்.

சரி மருந்துக்கு வர்றேன். ட்ரைசைக்ளசோல் செய்யிறது ஒண்ணே ஒண்ணு, மெலனின் பூச விடாம தடுக்குறது. மெலனின் இல்லன்னா கிளிசரால் நிக்காது, அழுத்தம் ஏறாது, துளைக்க முடியாது. ஜீன் மாறிப்போயி மெலனின் போட முடியாத மியூட்டண்ட் பூஞ்சாணம் எல்லாம் லேப்ல வச்சிருக்காங்க, வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு, வெளிர் மஞ்சளா ஒண்ணு, பாக்க அழகா இருக்கும், பிளேட்ல ஜம்முனு வளரும், நல்ல இலைய ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இலைய லேசா கீறி விட்டுட்டு வச்சா அந்த வெள்ளையும் உள்ள போயி நோய உண்டாக்கும். இப்ப புரியுதா? உள்ள போனதுக்கு அப்புறம் மெலனின தடுத்து என்ன புண்ணியம். உள்ள போன பூஞ்சாணம் நாலஞ்சு நாளு வெளிய ஒரு அடையாளமும் காட்டாது, செல்லு விட்டு செல்லு நகந்துக்கிட்டே இருக்கும், அப்புறம்தான் புள்ளியே தெரியும். நீ கண்ணால பாத்துட்டு கடைக்கு ஓடுறப்ப அது உள்ள குடித்தனம் நடத்தி நாளாச்சு. அதனால கழுத்துக்குலைக்கு மருந்துன்னா கதிரு வெளிய வர்றதுக்கு முன்னாடி, தொண்டைக்கதிர் சமயத்துல அடிக்கணும், முன்னாடியே இலையில புள்ளி இருந்தா கண்டிப்பா அடிக்கணும். வெளுத்த கதிருக்கு அடிக்கிறது காசுக்கு கேடு, தண்ணிக்கும் கேடு. இன்னும் ஒரு சங்கதி, ஐரோப்பாவுல 2018ல இருந்து அரிசியில ட்ரைசைக்ளசோல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, பஞ்சாப் பாசுமதிக்காரங்க அதுல பட்ட பாடு உனக்கே தெரிஞ்சிருக்கும். நாம சாப்பிடுற அரிசிய எவன் அளந்து பாக்குறான் சொல்லு.

நம்ம பக்கத்துக்கு இந்த நோய் புதுசும் இல்ல. 1919லயே தஞ்சாவூர் டெல்டாவுல பெருசா அடிச்சிருக்கு, இந்தியாவுல குலைநோய் பத்தி எழுதுற பாதிப் பேப்பர்ல மொத பாராவுலயே தஞ்சாவூர் வந்துரும், எனக்கு அது ஒரு மாதிரி பெருமையாவும் இருக்கும் கேவலமாவும் இருக்கும். அப்புறம் கோயமுத்தூர் நெல் ஸ்டேஷன்ல கோ 4ன்னு ஒரு ரகம் குலைநோய் தாங்கும்னு பேரு வாங்குச்சு. டெட்டெப்னு ஒரு வியட்நாம் ரகத்துல இருந்து எதிர்ப்பு ஜீன் கூட நம்ம ஆளுங்க பிரிச்சு எடுத்திருக்காங்க. ஆனா ஒரே ஜீன நம்பி ஊர் பூரா ஒரே ரகம் போட்டா ரெண்டு மூணு வருஷத்துல பூஞ்சாணம் அதுக்கு வழி கண்டுபுடிச்சிரும். பூஞ்சாணத்துகிட்ட இருக்குற ஒரு புரதத்த வச்சுத்தான் நெல்லு அத அடையாளம் கண்டுக்கும், அந்த புரதத்த செய்யிற ஜீனையே பூஞ்சாணம் தொலைச்சிட்டு வந்து நிக்கும். ஆளு அதேதான், அடையாளம் மட்டும் இல்ல.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது லேப் வேலையே இல்ல, சீனாவுல யுன்னான்ல பண்ண ஒரு வயல் வேலை. அங்க ஒட்டுற அரிசி ரகம் நல்ல வெலை போகும், ஆனா குலைநோய்க்கு மோசம். 1998லயும் 99லயும் ஆயிரக்கணக்கான விவசாயிங்கள வச்சு, அந்த ரகத்த தனியா போடாம, நோய் தாங்குற ஹைப்ரிட் நெல்லு வரிசைகளுக்கு நடுவுல நடச் சொன்னாங்க. குலைநோய் 94 சதவீதம் கொறஞ்சுது, ஒட்டுற அரிசி வெளச்சல் தனியா போட்டத விட 89 சதவீதம் கூடுச்சு, ரெண்டாவது வருஷ முடிவுல மருந்து அடிக்கிறதையே விட்டுட்டாங்க. ஸ்போர் பறந்து போயி விழுற எடமெல்லாம் சாப்பிடக்கூடிய செடியா இல்லாம பாத்துக்கிட்டாங்க, அம்புட்டுத்தான். மெஷின் அறுவடை, மில்லுக்காரன் ஒரே ரகம்தான் கேப்பான்னு நீ சொல்லுவ, சரிதான், அங்க கையால தனித்தனியா அறுத்தாங்க. ஆனா உங்க பங்காளிங்க எல்லாரும் அந்த ஒரு வாய்க்கால் பாசனத்துல முழுசா பிபிடியே போடாம, ஆளுக்கு ஒரு ரகம்னு பிரிச்சுக்கிட்டாலே கொஞ்சம் பலன் இருக்கும்னு எனக்குத் தோணுது. பேசிப் பாரு. பேசுவாங்களான்னு கேக்காத, அது என் டிபார்ட்மெண்ட் இல்ல.

பூஞ்சாணத்த ரொம்ப கெட்டவனாவே காட்டிட்டேன் போல, அதனால இதையும் சொல்லிடுறேன். அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் பார்க்ல வெந்நீர் ஊத்து பக்கத்துல சூடான மண்ணுல ஒரு புல்லு வளருது. அதோட வேர்லயும் தண்டுலயும் கர்வுலேரியான்னு ஒரு பூஞ்சாணம் குடியிருக்கு. புல்லத் தனியாவும் பூஞ்சாணத்த தனியாவும் வச்சா 40 டிகிரியே தாங்காது, சேந்து இருந்தா 65 டிகிரி மண்ணுலயும் நிக்கும். 2007ல பாத்தா அதுலயும் ஒரு ட்விஸ்ட், அந்த பூஞ்சாணத்துக்குள்ள ஒரு வைரஸ் இருக்கு, வைரஸ எடுத்துட்டா சூடு தாங்குற சங்கதியே போயிருது. புல்லுக்கு பூஞ்சாணம், பூஞ்சாணத்துக்கு வைரஸ், மூணு பேரும் சேந்தாத்தான் வாழ்க்கை. எங்க லேப்ல ஒரு பொண்ணு இப்ப கடலோர உவர் மண்ணுல தானா வளர்ற புல்லுங்கள்ல இந்த மாதிரி உள்ள குடியிருக்குற பூஞ்சாணம் தேடிக்கிட்டு இருக்கா. கெடைக்குதோ இல்லயோ, எனக்கு அந்த வேலை மேல பொறாமை.

மத்தபடி இங்க எல்லாம் அப்படியேதான். ஃபெல்லோஷிப் காசு மாசக்கணக்குல லேட்டு, வீட்டுல "எப்படா முடிப்ப"ன்னு கேக்குறத விட்டுட்டாங்க, அதுதான் பயமா இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவால்ல. உன் பொண்ணு சயின்ஸ் குரூப் எடுக்கவான்னு கேட்டாளாமே, லீவுல இங்க அனுப்பு, மைக்ராஸ்கோப்ல அந்த கருப்பு உருண்டைய காட்டுறேன், அப்புறம் அவளே முடிவு பண்ணட்டும்.

உனக்கு ஒரு வேலை இருக்கு. அறுவடைக்கு முன்னாடி அந்த கருத்த கழுத்து கதிர் ஒரு இருவது, வரப்பு ஓரத்துல மட்டும் எடுக்காம வயல் பூரா அங்கங்க எடுத்து, பேப்பர் கவர்ல போட்டு கொரியர் பண்ணு. பிளாஸ்டிக் கவர்ல போடாத, வேர்த்துப் போயி கண்ட கண்ட பூஞ்சையெல்லாம் வளந்துரும். கவர் மேல ரகம், தேதி, ஊரு எழுது. வயலுக்குள்ள தானா மொளைக்கிற புல்லுலயும் அதே மாதிரி புள்ளி இருந்தா அதையும் தனிக் கவர்ல வை, உன் அண்ணன் கேழ்வரகு போட்டிருக்கார்னா அதுலயும் கொஞ்சம். கேழ்வரகுக்கு வர்ற குலைநோயும் இதே பூஞ்சாணம்தான், ஆனா நெல்லுல வர்றது ஒரு கூட்டம், இது வேற கூட்டம், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. மீதி வைக்கோல வயல்லயே குமிச்சு வைக்காத, அதுல உக்காந்துக்கிட்டு அடுத்த போகத்துக்கு காத்திருக்கும்.

கொரியர் காசு நான் தர்றேன், ஜிபே பண்றேன்.

உன்
சீனி