டிசம்பர் 24, இரவு 8 மணி: தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்ன படம் போடுவது என்று நீங்கள் பல நாள் யோசித்து முடிவெடுப்பீர்கள். கிறிஸ்துமஸுக்கும் 'சிறப்புத் திரைப்படம்' என்று ஒன்றைப் போடுகிறீர்கள். பெரும்பாலும் அது அந்த ஆண்டு ஓடிய ஏதோ ஒரு படமாக இருக்கும். அதில் கிறிஸ்துமஸ் இருக்காது. அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: டிசம்பர் 24 அன்று இரவு 8 மணிக்கு, ஒரே ஒரு கிறிஸ்துமஸ் படத்தை, நல்ல தமிழில், ஆண்டுதோறும் போடுங்கள். அதே படம், அதே நேரம்.

அந்த நேரத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். 24ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை. ஆர்.சி.காரர்களுக்கு (ரோமன் கத்தோலிக்கர்) நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ.காரர்களுக்கு (தென்னிந்தியத் திருச்சபை) விடிவதற்கு முன்பே ஆராதனை. குடில் கட்டி முடித்து, ஸ்டாரைக் கட்டி, சீரியல் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, குளித்துப் புது உடுப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும். பெண்கள் அடுப்படியில் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் டிவி முன்னால் சேனல் சேனலாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆண்டில் வேறெந்த நாளிலும் மூன்று தலைமுறை இப்படி ஒரே வீட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அந்த வேளையில் திரையில் வெட்டும் குத்தும் ஓடுவதைப் பல ஆண்டு பார்த்துவிட்டேன். ஒருமுறை இயேசு பிறப்புப் படம் என்று ஒரு வாரம் விளம்பரம் செய்துவிட்டு, அன்றைக்கு வேறு படத்தைப் போட்டார்கள். எந்தச் சேனல் என்பது இப்போது முக்கியமில்லை. வீடு முழுக்கச் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு டிவிடியை அந்த நேரத்தில் போட்டேன். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா கையில் வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் எள்ளும் பாகும் சேர்ந்த கலவை. சூடு ஆறுவதற்குள் உருட்டவேண்டும், ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். ஆகவே படம் அவளுக்குப் பாதிக் கண்ணில்தான்.

கதை இதுதான். பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர். அதில் ஜார்ஜ் பெய்லி என்ற மனிதன், அப்பா விட்டுப்போன ஒரு வீட்டுக்கடன் சங்கத்தை நடத்துகிறான். உலகம் சுற்றவேண்டும், பாலம் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டவன்; ஊரை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று அவனைப் பிடித்து நிறுத்திவிடும். அவன் கல்யாண நாளன்று ஊரே திரண்டு வந்து சங்கத்தின் வாசலில் நிற்கிறது, போட்ட பணத்தைத் திருப்பிக் கொடு என்று. ஜார்ஜ் அவர்களிடம் சொல்கிறான்: உங்கள் பணம் இந்தப் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனின் சுவரில் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரனின் கூரையில் இருக்கிறது. பிறகு தேனிலவுக்கு வைத்திருந்த 2000 டாலரை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொருவருக்கும் அன்றாடத் தேவைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கிறான். முதலில் வந்தவன் மொத்தத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஒரு பெண்மணி மெல்லிய குரலில் 17 டாலர் 50 சென்ட் போதும் என்கிறாள். சங்கத்தை மூடும் நேரத்தில் மிஞ்சுவது 2 டாலர்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "நமக்க சீட்டு ரூவாயும் இப்படித்தானே மக்களே போச்சு. அன்னைக்கு இப்படி ஒருத்தன் வெளிய வந்து பேசியிருந்தா..." என்றாள். எங்கள் வீட்டில் ஒரு சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்த கதை உண்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் அம்மா மூன்று நாள் போய் நின்றாள். அமெரிக்காவில் எடுத்த படத்தில் அந்தக் கதவைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு கலவை ஆறிப்போனதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இன்னொரு இடம். ஜார்ஜின் பழைய வீட்டில் மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் ஒரு மரக்குமிழ் இருக்கும். பிடித்தால் கழன்று கையோடு வந்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவன் கையில் வரும். திரும்ப வைத்துவிட்டுப் போவான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவன் சித்தப்பா சங்கத்தின் 8000 டாலரைத் தொலைத்துவிடுகிறார். சிறைக்குப் போகவேண்டும் என்ற நிலையில் வீட்டுக்கு வந்த ஜார்ஜ் கையில் அந்தக் குமிழ் மறுபடி வருகிறது, விட்டெறியப் பார்க்கிறான். அன்றிரவே ஆற்றுப் பாலத்துக்குப் போகிறான். ஒரு வானதூதர் வந்து, அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார். அதையெல்லாம் பார்த்துவிட்டு ஓடி வீட்டுக்கு வந்து படியேறும்போது குமிழ் திரும்பவும் கையோடு வருகிறது. இந்த முறை அதற்கு முத்தம் கொடுத்துவிட்டு இருந்த இடத்தில் வைக்கிறான். வசனமே இல்லை; நான் மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளும் அப்படித்தான், எந்நேரமும் கையோடு வரும். அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் ஊர்க்காரர்கள் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்கள். தொலைந்த அந்தப் பணத்தை எடுத்து ஒளித்துவைத்த பணக்காரக் கிழவன் பாட்டருக்குப் படத்தில் எந்தத் தண்டனையும் கிடையாது. "அவனுக்கு ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதும் சரிதான். எங்க ஆகுது?" என்றாள்.

இந்தப் படம் வெளியான காலத்தில் தோல்விப் படம். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. இதைத் தயாரிக்கக் காப்ரா நண்பர்களோடு தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனம் 1947இலேயே பாரமவுண்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. பிறகு எப்படி இது அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் படமானது? உங்களைப் போன்றவர்களால்தான். 1974இல் இதன் காப்புரிமையை உரிய நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்றானதும், ஊருக்கு ஊர் இருந்த சின்னத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் வந்தால் இதைத் திரும்பத் திரும்பப் போட்டன. கொட்டகையில் பார்க்காத ஒரு தலைமுறை வீட்டுக் கூடத்தில் பார்த்து வளர்ந்தது. 1990களில் கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி ஒரு நிறுவனம் படத்தைத் திரும்பத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1994இல் ஒளிபரப்பு உரிமை என்.பி.சி. தொலைக்காட்சிக்குப் போனது. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் போடுகிறார்கள். ஒரு படத்தைப் பண்டிகைப் படமாக்கும் வல்லமை ஒளிபரப்பும் உங்கள் கையில் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்வீடனைப் பாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக டிசம்பர் 24 பிற்பகல் 3 மணிக்கு அதே டொனால்ட் டக் கார்ட்டூன் தொகுப்பு; அதற்கேற்பத்தான் பல வீடுகளில் சாப்பாட்டு நேரமே. போலந்தில் ஆண்டுதோறும், வீட்டில் தனியாக விடப்பட்ட சிறுவனைப் பற்றிய 'ஹோம் அலோன்'. நார்வேயில் 1973ஆம் ஆண்டுச் செக்கோஸ்லோவாக்கிய, கிழக்கு ஜெர்மனிக் கூட்டுத் தயாரிப்பான ஒரு சிண்டரெல்லா படம். இந்த நார்வே விஷயம் உங்களுக்கு மிகவும் பயன்படும். அங்கே டப்பிங்குக்கு ஆள் பட்டாளம் கிடையாது. க்னுட் ரிசான் என்ற ஒரே நடிகர், சிண்டரெல்லாவுக்கும் சித்திக்கும் ராஜாவுக்கும் தன் ஒரே குரலில் நார்வே மொழியில் சொல்லிக்கொண்டே போவார். அடியில் மூல மொழி கேட்டுக்கொண்டிருக்கும். மக்கள் அந்தக் குரலுக்காகவே உட்காருகிறார்கள். பாட்டி கதை சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் அம்மாவுக்குச் செய்ததும் அதுதான். செலவு பெரிதாக ஆகாது.

தமிழிலேயே படம் இல்லையா என்று கேட்பீர்கள். 1971இல் வந்த 'அன்னை வேளாங்கன்னி' எங்கள் வீட்டுப் படம். ஆனால் அது செப்டம்பர் 8 திருவிழாவுக்கு உரியது. தெலுங்கில் 1978இல் வந்து தமிழுக்கு வந்த 'கருணாமூர்த்தி'யை ஊர் மைதானத்தில் வேட்டித்துணி கட்டிய திரையில் பார்த்தவள் நான். விஜயசந்தர் சிலுவை சுமந்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி வாய்விட்டு அழுதாள். அது பெரிய வெள்ளிக்கான படம். 'மின்சார கனவு' (1997) படத்தின் 'அன்பென்ற மழையிலே' பாட்டைத் தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் நாளில் பாடாத மேடை குறைவு. ஆனால் படம் முழுவதும் கிறிஸ்துமஸ் படமல்ல. ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' (2024) தமிழிலும் எடுத்தது, விஜய் சேதுபதி நடித்தது, கதை முழுக்க ஒரு கிறிஸ்துமஸ் இரவில்தான் நடக்கிறது. எனக்குப் பிடித்த படம். ஆனால் கொலைக் கதை. திருப்பலிக்குப் போகும் முன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கில்லை. நம் இயக்குநர்கள் ஒரு நாள் எடுப்பார்கள். அதுவரை அந்த இரவு காலியாக இருக்கவேண்டியதில்லை.

'ஹோம் அலோன்' குழந்தைகளுக்கு நிச்சயம் வேண்டும். அதை 25 காலை போடுங்கள். திருடர்கள் வழுக்கி விழுவதற்காக மட்டும் சொல்லவில்லை. கோயிலில் பாடல்குழு பாடிக்கொண்டிருக்க, மகனோடு பேச்சில்லாமல் போன பக்கத்து வீட்டுக் கிழவரும் அந்தச் சிறுவனும் அருகருகே உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவிலும் அந்தக் கிழவர் இருக்கிறார். 1914 கிறிஸ்துமஸில் போர்முனையில் துப்பாக்கியைக் கீழே வைத்த சிப்பாய்களைப் பற்றிய பிரெஞ்சுப் படம் 'ஷுவாயே நோயல்' (2005) எனக்கு மிகவும் நெருக்கமானது. ஆனால் அதில் மூன்று நாட்டார் மூன்று மொழியில் பேசுவதுதான் படமே. எல்லாரையும் தமிழ் பேசவைத்தால் படம் செத்துவிடும். அதைத் தமிழ் வசனவரியோடு மட்டும் போடுங்கள்.

24 இரவுக்கு நான் ஜார்ஜ் பெய்லியைத்தான் கேட்பேன். எங்கள் கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி நினைவு நாள். 2004க்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் இந்தப் பண்டிகை துக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறது. வெறும் கும்மாளமான படம் அங்கே ஒட்டாது. பாலத்தின் மேல் நின்றவன் வீடு திரும்பி வருகிற படம் ஒட்டும்.

செய்வதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். உரிமம் முறையாக வாங்கவேண்டிய படம் இது. வண்ணம் பூசிய பிரதி ஒன்றும் கிடைக்கும், வேண்டாம். ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டே அதை எதிர்த்தார். கறுப்பு வெள்ளையில் அந்தப் பனியைப் பாருங்கள். அதற்கு முன்பெல்லாம் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத் தூவிப் பனி என்று காட்டுவார்கள். மிதித்தால் நொறுங்குகிற சத்தத்தில் வசனம் கேட்காது. இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து புதிதாகப் பனி செய்து, கோடைக்காலத்தில் படம்பிடித்தார்கள். அதற்குத் தொழில்நுட்ப ஆஸ்கர் கிடைத்தது. குடிலின் மேல் பஞ்சைப் பிய்த்து வைத்துப் பனி என்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாடு புரியும்.

தமிழாக்கத்தை அவசரத்தில் செய்யாதீர்கள். சங்கம், வட்டி, தவணை, ஜாமீன் என்று நம் வீடுகளில் புழங்குகிற சொற்கள் எல்லாம் அந்தக் கதைக்குத் தயாராக இருக்கின்றன. வானதூதரைச் செந்தமிழ் பேசவைக்காதீர்கள். அவர் இன்னும் சிறகு வாங்காத, கொஞ்சம் தடுமாறுகிற முதியவர். விளம்பரத்தைப் படத்தின் முதல் பாதியில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பாலத்துக் காட்சி தொடங்கியதிலிருந்து கடைசிப் பாட்டு முடியும்வரை மட்டும் வேண்டாம். படம் 2 மணி 10 நிமிடம். 8 மணிக்குத் தொடங்கினால், விளம்பரமும் சேர்த்து, 11 மணிக்கு முன் முடியும். கோயில் மணி அடிப்பதற்குள் முகம் கழுவிப் புடவை மாற்ற நேரம் கிடைக்கும்.

முதல் ஆண்டு பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக வரலாம். மூன்று ஆண்டாவது தொடர்ந்து போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மாவுக்கு இப்போது 74 வயது. போன கிறிஸ்துமஸுக்கும் அந்த டிவிடியைப் போடச் சொன்னாள். பாதியில் தட்டு சிக்கி நின்றுவிட்டது, ஜார்ஜ் பாலத்தில் நிற்கிற இடத்தில். மிச்சக் கதையை நான் வாயால் சொல்லி முடித்தேன். "குமிழுக்கு முத்தம் கொடுப்பானே, அதச் சொல்லலியே" என்றாள்.

நன்றியுடன்,
கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு பார்வையாளர்