பலெர்மோவை ஒரே நாள்ல முடிச்சுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஐரோப்பா டூர் பத்தி எப்ப எழுதினாலும் இத்தாலின்னா ரோம், வெனிஸ், பைசா கோபுரத்தை கையால முட்டுக் கொடுக்கிற போட்டோ, அதோட முடிஞ்சுது. அதே பக்கத்துல கீழே பத்து நாள்ல ஆறு நாடு, தினமும் இந்தியன் டின்னர்னு விளம்பரம் வேற. அப்படி ஒரு பேக்கேஜ்ல நாங்களும் போய்ப் பார்த்தவங்கதான், கம்பெனி பேரு வேணாம் விடுங்க, விடியக்காலை பெட்டியை ரூம் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, மத்தியானம் ஒரு சர்ச் வாசல்ல இறக்கிவிட்டு இருபது நிமிஷம்னு சொல்லுவாங்க, ராத்திரி எந்த நாட்டுல இருந்தாலும் அதே பன்னீர் பட்டர் மசாலா. ஊரைப் பார்த்தோமா பஸ்ஸைப் பார்த்தோமான்னே தெரியல.

அதனால அடுத்த தடவை நானும் வீட்டுக்காரரும் தனியா கிளம்பினோம், ஒரே ஊருக்கு. சிசிலித் தீவோட தலைநகர் பலெர்மோ. உங்க வாசகர்கள்ல ரிட்டயர் ஆனவங்க, பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிறவங்கன்னு நிறைய பேரு இப்ப தனியா பிளான் பண்றாங்க, அவங்களுக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போடுங்க.

மொதல்ல ஏன் பலெர்மோன்னு சொல்லிடறேன். லெபனான் கரையோரத்துல இருந்து வந்த பழைய காலத்துக் கடல் வியாபாரிங்களான ஃபினீசியர் போட்ட ஊரு, 831ல அரபுக்காரங்க பிடிச்சாங்க, 1072ல வடக்கு பிரான்ஸ்ல இருந்து வந்த நார்மன்காரங்க பிடிச்சாங்க. வந்த நார்மன் ராஜாக்கள் பழசை எல்லாம் இடிச்சுத் தள்ளாம அரபு கொத்தனார், சின்னச் சின்ன வண்ணக் கல்லைப் பதிச்சு படம் போடுற கிரேக்க மொசைக் வேலைக்காரர்னு எல்லாரையும் வெச்சே கோயில் கட்டினாங்க. அந்த அரபு நார்மன் கட்டடங்களையும் பக்கத்து ஊர்களான செஃபாலு, மொன்ரியாலே கதீட்ரலையும் சேர்த்து 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க. சாப்பாடும் அதே கதைதான். எலுமிச்சை, கரும்பு, வாய்க்கால் வெட்டித் தண்ணி பாய்ச்சுறது இதெல்லாம் அரபுக்காரங்க கொண்டு வந்தது, அந்தச் சர்க்கரை இல்லன்னா இன்னைக்கு சிசிலி ஸ்வீட்டே கிடையாது. ரெண்டாம் ரோஜர்ங்கிற நார்மன் ராஜாவுக்காக அல் இத்ரீசிங்கிறவர் 1154ல முடிச்ச பூகோள நூல்ல, பலெர்மோ பக்கத்துல திராபியாங்கிற ஊர்ல மாவுல இழை இழையா செஞ்சு கப்பல் கப்பலா வெளியூருக்கு அனுப்புறாங்கன்னு எழுதியிருக்கார். பாஸ்தா கதை சொல்றவங்க மார்க்கோ போலோவை இழுப்பாங்க, அவர் பொறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இங்க ஏற்றுமதி நடந்திருக்கு.

இப்ப பிளான். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், கூகுள் மேப்ல புள்ளி வெச்சு பிளான் பண்ணாதீங்க, கடிகாரத்தை வெச்சு பண்ணுங்க. அந்த ஊரு ஒரு நேரத்துக்கு ஒரு முகம் காட்டும். சந்தை காலைல, சர்ச் பலது மத்தியானம் பன்னண்டரை ஒரு மணிக்கு மூடி சாயங்காலம் மூணரை நாலுக்குத்தான் திறப்பாங்க, ஹோட்டல்ல ராத்திரிச் சாப்பாடு ஏழரை எட்டுக்கு முன்னாடி அனேகமா கிடையாது. இதை விட்டுட்டு காலைல நிதானமா எந்திரிச்சு பதினொண்ணரைக்கு கிளம்பினீங்கன்னா மூடின கதவாப் பார்த்துட்டு வரவேண்டியதுதான். நாலு நாள் கம்மி, அஞ்சு நாள் இருந்தா நல்லது.

காலைல மொத வேலை பல்லரோ சந்தை. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம். சிவப்பு நிறத் துணிப் பந்தல், அதுக்குக் கீழ வெயில் பட்டா தக்காளி மட்டும் இல்ல மீனும் சிவப்பாத் தெரியும், வியாபாரிங்க ராகம் போட்டு கத்துவாங்க, ஆள் உயரத்துக்குப் பக்கமா வர்ற ஒரு சுரைக்காய் வெளிர்பச்சையா நீட்டா அடுக்கியிருப்பாங்க, அதோட கொழுந்தைத் தனியா கட்டு கட்டா வித்து சூப்புல போடுறாங்க. மூக்கு வாள் மாதிரி நீண்ட வாள்மீனோட தலையை அந்த வாள் மேல பார்க்க நிமிர்த்தி நிறுத்தி வெச்சு, உடம்பை அடுத்த பலகைல வட்ட வட்டமா வெட்டிட்டு இருப்பாங்க. போட்டோ எடுக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா வழியை மறிச்சுக்கிட்டு நின்னா ஸ்கூட்டர்காரன் இடிச்சுட்டுப் போயிருவான். பையை முன்னாடி மாட்டிக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் சுத்த சைவம், முட்டை கூட யோசிப்பார், நான் எல்லாம் சாப்பிடுவேன். அதனால ரெண்டு தரப்புக்கும் சொல்ல முடியும். சைவக்காரங்களுக்கு பலெர்மோல கடவுள் பனெல்லே. கடலை மாவைத் தண்ணில கரைச்சு களி மாதிரி கிண்டி, தட்டுல பரப்பி, ஆறினதும் மெல்லிசா வெட்டி எண்ணெயில போட்டு எடுக்கிறது, அதை எள்ளு தூவின பன்னுக்குள்ள நாலஞ்சு அடுக்கி எலுமிச்சை பிழிஞ்சு கொடுப்பாங்க. சுடச்சுட நின்னுகிட்டே சாப்பிடணும். கூடவே உருளைக்கிழங்குல ஒரு உருட்டல் பொரியல் உண்டு, அதுவும் சைவம்தான், பொரிக்கிற எண்ணெய் எதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கத்திரிக்காய், செலரி, ஆலிவ், வினிகர், சர்க்கரை போட்டு இனிப்பும் புளிப்புமா கபொனாத்தான்னு ஒண்ணு, எங்க வீட்டுக்காரர் ரெண்டு வேளையும் அதையே கேட்டார்.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது அரஞ்சீனாகிட்ட. சாதத்தை உருண்டை பிடிச்சு உள்ள மசாலா வெச்சு பொரிச்சது, பார்த்தா நம்பிக்கையா இருக்கும். ஒண்ணு கறி வெச்சது, இன்னொண்ணு வெண்ணெய்னு சொல்லுவாங்க, வெண்ணெய்னதும் சைவம்னு வாங்கிடாதீங்க, பெரும்பாலும் அதுக்குள்ள பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்ஃபின்ச்சோனேன்னு தடிமனா பஞ்சா ஒரு ரொட்டி, மேல தக்காளி வெங்காயம்தான் தெரியும், உள்ள நெத்திலி கலந்திருக்கும். கேக்காம வாய்ல வைக்காதீங்க.

அசைவக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு ஸ்டிக்கியோலா, ஆட்டுக்குடலை வெங்காயத்தாள் மேல சுத்தி ரோட்டோரமா கரி அடுப்புல வாட்டுறது, அந்தப் புகையே தெருவுக்கு அடையாளம். இன்னொண்ணு மண்ணீரல் பன். சாய்வா வெச்ச பெரிய சட்டில பன்றிக் கொழுப்பு, அதுல ஏற்கனவே வேகவெச்ச மாட்டு மண்ணீரலும் நுரையீரலும் மெல்லிசு மெல்லிசா கிடக்கும், கடைக்காரர் முள்ளுக்கரண்டியால ஒரு அள்ளு அள்ளி, சட்டி விளிம்புல அழுத்தி கொழுப்பை வடிச்சு, பன்னுக்குள்ள திணிச்சு எலுமிச்சை பிழிவார், வேணும்னா சீஸ் சேர்ப்பார். அந்தக் காலத்துல ஊர்ல இருந்த யூத கசாப்புக்காரங்க ஆரம்பிச்ச பலகாரம்னு சொல்லுவாங்க, 1492ல வந்த ஸ்பெயின் ராஜ உத்தரவுல யூதர்களை வெளியேத்தினாங்க, பன்னு மட்டும் ஊர்லயே தங்கிடுச்சு. எனக்குப் பிடிச்சிருந்தது. எங்க வீட்டுக்காரர் எதிர்ப்புறம் திரும்பி நின்னுகிட்டார்.

பார்க்குற இடத்துல எதையும் விட்டாலும் நார்மன் ராஜாக்களோட அரண்மனைக்குள்ள இருக்கிற பலத்தீனா சாப்பலை விடாதீங்க. 1140ல அபிஷேகம் பண்ணின ரோஜர் ராஜாவோட சொந்தக் கோயில். எல்லாரும் தங்க மொசைக்கைப் பார்த்து வாயைப் பிளப்பாங்க, பிளக்க வேண்டியதுதான், ஆனா நீங்க கழுத்து வலிச்சாலும் நடு மண்டபத்து மரக் கூரையைப் பாருங்க. அடுக்கடுக்கா இறங்குற மரச் செதுக்கல், அது முழுக்க ஓவியம், வீணை மாதிரி வாத்தியம் வாசிக்கிறவங்க, ஆடுறவங்க, ஒட்டகம், சதுரங்கம் ஆடுற ரெண்டு பேரு. ஒரு கிறிஸ்தவ ராஜாவோட கோயில் கூரையில அரபு பாணியில வரைஞ்சது, சாமி படத்தை விட அரண்மனை சந்தோஷம்தான் அதிகம். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, நான் கேலியா சொல்லல. அதே அரண்மனைலதான் இன்னைக்கு சிசிலி சட்டசபை நடக்குது, அதனால மேல் தளத்து ராஜா அறைகளை எல்லா நாளும் காட்ட மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை காலைல சாப்பல்ல பூசை வேற இருக்கும். போற நாளை முன்னாடியே பார்த்து முடிவு பண்ணுங்க.

மொன்ரியாலே கதீட்ரலுக்கு பஸ்ல போயிட்டு வர அரை நாள். ரெண்டாம் வில்லியம்ங்கிற நார்மன் ராஜா கட்டினது, 6,000 சதுர மீட்டருக்கு மேல மொசைக், பக்கத்துல 228 தூணோட ஒரு முற்றம். பலெர்மோ ஊருக்குள்ள மார்த்தொரானா சர்ச், சிவப்பு குமிழ் வெச்ச சான் கத்தால்தோ சர்ச், கதீட்ரல் இதெல்லாம் ஒரே நடைல வந்துடும். கதீட்ரல் தெற்கு வாசல் தூண் ஒண்ணுல குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கு, தேடிப் பாருங்க. கப்பூச்சின் பாதிரிகளோட பாதாளக் கல்லறைல ஆயிரக்கணக்குல பதப்படுத்தின உடம்புங்களை உடுப்போட நிறுத்தி வெச்சிருக்காங்க, 1920ல இறந்த ரெண்டு வயசுக் குழந்தையும் அதுல உண்டு. எனக்கு அது தேவையில்லன்னு தோணுச்சு. பேரப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க கண்டிப்பா தவிர்க்கலாம்.

இப்ப உங்க பத்திரிகைமேல எனக்கு இருக்கிற வருத்தத்துக்கு வரேன். இத்தாலியில தமிழங்க கணிசமா வாழுற ஊர் பலெர்மோ, 1980கள்ல இருந்து இலங்கைல போர்க் காலத்துல வந்து சேர்ந்தவங்க. பல்லரோ பக்கம் நடந்தாலே தமிழ் காதுல விழும், நம்ம மளிகைச் சாமான் கிடைக்கும். ஊரோட காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா, 1624ல பிளேக் வந்தப்ப பெல்லெக்ரினோ மலைக் குகைல அவங்க எலும்பு கிடைச்சு, அதை ஊர்வலமா கொண்டு வந்ததும் நோய் நின்னுதுன்னு நம்பிக்கை. அந்த மலைக்கு கிறிஸ்தவத் தமிழர் மட்டும் இல்ல, இந்துத் தமிழரும் போறாங்க. பஸ் இருக்கு, ஆனா பழைய கல் பாவின பாதை ஒண்ணு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, நாங்க காலைலயே ஏறினோம். பாதி வழில செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க, நாங்க தமிழ்ல பேசுறதைக் கேட்டு, "நீங்கள் இந்தியாவோ? இருந்து ஆறிப் போங்கோ"ன்னாங்க. ஏன் அக்கா வெறுங்காலோட ஏறுறீங்கன்னு கேட்டேன், "மகளின்ர சோதினைக்கு நேர்த்தி வைச்சனான், அவள் பாஸ் பண்ணிட்டாள்"னாங்க, அவ்வளவுதான், எந்திரிச்சு எங்களுக்கு முன்னாடி விறுவிறுன்னு போயிட்டாங்க.

மேல கோயில் வாசலைத் தாண்டினா உள்ள குகை. பாறைல இருந்து சொட்டுற தண்ணி ஜனங்க தலைல விழாம இருக்க கூரை முழுக்க தகரக் கால்வாய் கோணல் மாணலா ஓடுது, ஒரு பக்கம் தங்க ஆடை போர்த்தின ரொசாலியா படுத்திருக்காங்க. வேண்டுதல் காணிக்கை எல்லாம் சுவர்ல தொங்குது. ஐரோப்பா பத்தி இவ்வளவு பக்கம் எழுதுற ஒரு தமிழ் பத்திரிகை இதை ஒரு வரி எழுதாம இருக்கிறது நல்லாவா இருக்கு? உங்க நிருபரை செப்டம்பர் 4ஆம் தேதிக்கு அனுப்புங்க, ரொசாலியா திருநாள், மலை ஏறுற கூட்டத்தை அன்னைக்குப் பார்க்கலாம். ஊர்த் திருவிழான்னா ஜூலை 14 ராத்திரி, பெரிய தேர் கதீட்ரல்ல இருந்து கடல் பக்கம் போகும், பூண்டு போட்டு வதக்கின நத்தை தெருத்தெருவா விப்பாங்க. வெயில் தாங்குறவங்க மட்டும் அப்ப போங்க. மத்தவங்களுக்கு ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஆகஸ்ட் 15 சுத்துவட்டாரத்துல போகாதீங்க, பாதிக் கடை சாத்தியிருக்கும்.

செலவு, விசா எல்லாம் சுருக்கமா. ஷெங்கன் விசாவுக்கு பெரியவங்களுக்கு 90 யூரோ, இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்காவது இருக்கணும், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே மனு போடலாம், கடைசி மாசம் ஓடாதீங்க. ரோம்ல இருந்து விமானம் இருக்கு, ஆனா முடிஞ்சவங்க ராத்திரி ரயில்ல போங்க. இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவுல இருக்கிற மெசினா ஜலசந்தில ரயிலைத் துண்டு துண்டா கழட்டி கப்பல் வயித்துக்குள்ள தள்ளி அக்கரைல மறுபடி கோத்து ஓட்டுறாங்க, நாம பெட்டில இருந்து இறங்கி கப்பல் மேல்தளத்துக்குப் போய் காபி குடிச்சுட்டு வரலாம். ஹோட்டல் பில்லுல ஆளுக்கு இவ்வளவுன்னு உட்கார்ந்ததுக்கே ஒரு தொகை சேர்த்திருப்பாங்க, ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க, அந்த நாட்டு வழக்கம் அது. காபியை நின்னு குடிச்சா மலிவு. பஸ் டிக்கெட்டை ஏறினதும் மெஷின்ல பதியணும், பையிலயே வெச்சிருந்தா அபராதம்.

ஸ்வீட்டுக்கு சாந்தா கத்தரீனா மடத்துக்குள்ள போங்க, கன்னியாஸ்திரிகள் காலத்து பக்குவத்துல செஞ்சு முற்றத்து ஓரமா விக்கிறாங்க, ஆரஞ்சு மரத்தடியில உட்கார்ந்து சாப்பிடலாம். கன்னோலின்னா பொரிச்ச குழல் ஓட்டுக்குள்ள ரிக்கோத்தாங்கிற இனிப்புப் பாலாடைக்கட்டியை அடைச்சது, அதை நீங்க கேட்ட பிறகு உங்க கண் முன்னாடி நிரப்புற கடையாப் பாருங்க, முன்னாடியே நிரப்பி வெச்சது ஓடு நமத்துப் போயிருக்கும். அதே காரணத்தால ஊருக்குப் பார்சல் கட்டாதீங்க. கொண்டு வரணும்னா பாதாம் மாவுல பழம் பழமா செய்யுற, அந்த சர்ச் பேருலயே இருக்கிற மார்த்தொரானா ஸ்வீட்டை வாங்குங்க, அது கெடாம வந்து சேரும், பெட்டில வைக்காம கைப்பையில வைங்க, நசுங்கிடும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
தென்காசி