பதில் வரும்போது எனக்கு எத்தனை வயசு?

ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவின் 18 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் வரலாற்றை உங்களுக்கே சொல்லப் போவதில்லை. 1989இல் பிறந்தது, 196 தரப்பினர் ஏற்றது, அமெரிக்கா 1995இல் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் ஒப்புதல் தராமல் இருப்பது, எல்லாமே உங்களுக்கு மனப்பாடம். நான் பேச வந்தது ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

அரசின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க, அரசு சாராதவர்கள் உங்களுக்கு அனுப்பும் மாற்று அறிக்கைக்காகப் பிள்ளைகளிடம் பேசி எழுதி வாங்கும் வேலையில் நானும் கொஞ்சம் கைகொடுப்பவன். போன வாரம் 13 வயதுப் பெண் ஒருத்தி தன் பக்கத்தை எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இதுக்குப் பதில் வரும்போது எனக்கு எத்தனை வயசு?"

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். 44ஆம் பிரிவின்படி அரசு 5 ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தாமதமாகத் தருவது அரசுகளுக்குப் பழகிப்போன விஷயம். அது வந்த பிறகும் ஜெனீவா அமர்வில் முறை வரக் காத்திருக்க வேண்டும். போதாததற்கு, முழு ஆய்வை 8 ஆண்டுச் சுழற்சிக்குக் கொண்டுபோகலாம் என்று உங்களுடையது போன்ற ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைக் குழுக்களின் தலைவர்கள் 2022இல் பேசி வைத்திருக்கிறார்கள். அவள் 13 என்று எழுதி, கீழே 8 போட்டு, கோடு இழுத்துக் கூட்டினாள். 21. "அப்போ நான் குழந்தையே இல்லையே" என்றாள். 18 வயதுக்குக் கீழே இருப்பவரே குழந்தை என்னும் உடன்படிக்கையின் முதல் பிரிவை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தனிப் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். 2014இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறை, அதாவது நாடுகள் விரும்பினால் ஏற்கும் துணை ஒப்பந்தம், அதற்குத்தான். ஆனால் அதை ஏற்ற நாடுகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். ஏற்ற நாட்டில் வாழும் பிள்ளையும் உள்நாட்டு வழிகளையெல்லாம் முயன்று முடித்த ஓராண்டுக்குள் உங்களிடம் வந்துவிட வேண்டும். அரசு 6 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு? "இயன்றவரை விரைவாக" என்று மட்டும் இருக்கிறது. பிள்ளைக்குக் கெடு உண்டு, அரசுக்குக் கெடு உண்டு, உங்களுக்கு மட்டும் இல்லை.

2019 செப்டம்பரில் சுவீடனின் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் உட்பட 16 பிள்ளைகள் காலநிலை குறித்து 5 நாடுகள் மேல் புகார் கொடுத்தார்கள். உள்நாட்டு வழிகளை முயலவில்லை என்று நீங்கள் அதை ஏற்காமல் விட்டது 2021இல். எல்லை தாண்டிய பாதிப்புக்கும் நாடுகள் பொறுப்பு என்று அதில் சொன்னீர்கள். நல்ல காரியம். மறுக்கிறேனா? அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும்படி தனியாக ஒரு திறந்த மடலும் எழுதினீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் மனு போட்டபோது 16 வயதாக இருந்த கிரேட்டாவுக்கு முடிவு வருவதற்குள் 18 நிறைந்துவிட்டது.

அரசுகளோடு நீங்கள் பேசும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "குழு வரவேற்கிறது", "குழு கவலை கொள்கிறது", "குழு வலியுறுத்துகிறது". போன முறை கவலைப்பட்டதற்கே இந்த முறையும் கவலைப்படுகிறீர்கள், என்ன, இப்போது "ஆழ்ந்த" சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறைக்கு எந்தச் சொல் மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை.

மன்னிக்க வேண்டும், கோபம் எங்கோ இழுத்துப் போய்விட்டது. ஐ.நா.வின் பணத் தட்டுப்பாட்டையும் சம்பளம் இல்லாமல் நீங்கள் இந்த வேலையைச் செய்வதையும் அறிவேன். நான் கேட்பது பணம் அல்ல, தேதி. பிள்ளைகளின் புகார்களுக்கு நீங்களே ஒரு கெடு வையுங்கள். 18ஐ நெருங்கும் பிள்ளையின் புகாரை வரிசையில் முன்னால் எடுங்கள். மாற்று அறிக்கைக்கு எழுதிய பிள்ளைகளுக்கு, அவர்கள் நாட்டின் முறை எப்போது வரும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்த 21ஐ அடித்துவிட்டு அதன் பக்கத்தில் எந்த எண்ணை எழுதட்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அவளுக்கு அடுத்த மாதம் 14 ஆகிறது.

பணிவுடன்,
மாற்று அறிக்கைத் தன்னார்வலர் ஒருவன்