அமேசான் தெரிந்தவனுக்குக் கூகுள் தேர்வு

மதுரை, அண்ணா நகர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அக்கா மகனுக்கு இங்கேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது. இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

கூகுள் கிளவுடின் புரொஃபஷனல் டேட்டா இன்ஜினியர் தேர்வுக்கு அமேசான் கிளவுட் (ஏ.டபிள்யூ.எஸ்) அனுபவம் கைகொடுக்குமா என்று கேட்டிருந்தாய். கைகொடுக்கும், சில இடத்தில் காலையும் வாரும். டேட்டாவைக் குவித்து ஆராய அமேசானில் ரெட்ஷிஃப்ட் என்றால் கூகுளில் பிக்வெரி, ஓயாமல் வரும் செய்திகளை வாங்க கினிசிஸ் என்றால் பப்சப், ஸ்பார்க் ஓட்ட இ.எம்.ஆர் என்றால் டேட்டாப்ராக் என்று ஜோடி சேர்த்த பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு மூடி வை. அந்த ஜோடிகள் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதலில் பிக்வெரி. ரெட்ஷிஃப்டின் டிஸ்ட் கீ, சார்ட் கீ, வேக்யூம் எல்லாவற்றையும் மறந்துவிடு. இங்கே டேபிளைத் துண்டு போடும் பார்ட்டிஷனும், ஒத்த வரிகளை அருகருகே வைக்கும் கிளஸ்டரிங்கும்தான். கிளஸ்டரிங்குக்கு அதிகபட்சம் 4 நெடுவரிசை. ஆன் டிமாண்ட் கட்டணத்தில் எத்தனை பைட் படித்தாயோ அதற்குக் காசு; அமெரிக்கப் பகுதியில் ஒரு டெபிபைட்டுக்கு (ஏறக்குறைய ஒரு டெராபைட்) 6.25 டாலர், மாதத்தில் முதல் ஒரு டெபிபைட் இலவசம். அந்த இலவசம் தீர்ந்தபின், கிளஸ்டர் செய்யாத 2 டெபிபைட் டேபிளில் எல்லா நெடுவரிசையையும் எடுத்து, கடைசியில் 'லிமிட் 10' போட்டால் பத்து வரிதான் வரும், பில் என்னவோ 12.50 டாலருக்கு வரும். தேதி வாரியாகப் பார்ட்டிஷன் செய்து, தேவையான நெடுவரிசையை மட்டும் எடுத்தால்தான் குறையும். அதிலும் ஒரு சூது இருக்கிறது: பார்ட்டிஷன் நெடுவரிசையை நேரடியாக ஒரு தேதியோடு ஒப்பிடாமல், தேதியைச் சப்க்வெரியில் (க்வெரிக்குள் இருக்கும் இன்னொரு க்வெரி) இருந்து எடுத்தால் மொத்த டேபிளையும் படித்துவிடும். எந்த க்வெரியையும் ஓட்டுவதற்கு முன் எடிட்டரின் மூலையில் எவ்வளவு படிக்கப்போகிறது என்று காட்டுவதைப் பார். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் செலவு பற்றிய கேள்விகளில் பாதி தானாக விழும்.

அடுத்தது அனுமதி. அமேசானில் பாலிசியை யூசர் மேலோ ரோல் மேலோ மாட்டிப் பழகியவன் நீ. இங்கே ஒரு ரிசோர்ஸ் மேல் 'இவருக்கு இந்த ரோல்' என்று கட்டுகிறார்கள். ஆர்கனைசேஷன், ஃபோல்டர், ப்ராஜெக்ட் என்று அது மேலிருந்து கீழே இறங்கும். ஒருவருக்கு டேட்டாசெட்டில் (டேபிள்களின் தொகுப்பு) படிக்க மட்டும் விடும் டேட்டா வியூவர் ரோல் கொடுத்துவிட்டு, அவர் க்வெரி ஓட்டினால் 'ஆக்சஸ் டினைடு' என்று வருகிறது. ஏன்? டேபிளைப் படிக்கும் உரிமை வேறு, ஜாப், அதாவது க்வெரியை ஓட்டும் வேலையை, நடத்தும் உரிமை வேறு. எந்த ப்ராஜெக்டில் ஜாப் ஓடுகிறதோ அங்கே ஜாப் யூசர் ரோல் வேண்டும்; பில்லும் பெரும்பாலும் அந்த ப்ராஜெக்டுக்குத்தான் போகும். டேட்டா ஒரு துறையிடம், செலவு இன்னொரு துறையிடம் என்று கேள்வியில் வந்தால் இதைத்தான் தேடுகிறார்கள்.

டேட்டா ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் ஸ்ட்ரீமிங் பகுதிக்கு ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு முழுக்கப் படி. மாட்டுத்தாவணியில் இருந்து நத்தம் போகும் பஸ்களில் ஜி.பி.எஸ் கருவி இருக்கிறது, பத்து விநாடிக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்புகிறது என்று வைத்துக்கொள். அது பப்சப்புக்கு வருகிறது. கினிசிஸில் ஷார்டு (டேட்டா ஓடையின் ஒரு பிரிவு) எண்ணிக் கணக்குப் போட்ட வேலை இங்கே கிடையாது. ஆனால் வரிசை தானாக வராது. எவை ஒரே வரிசையில் வர வேண்டும் என்று காட்டும் ஆர்டரிங் கீ கொடுக்க வேண்டும், அதற்கான வசதியைச் செய்தியை வாங்கும் சப்ஸ்கிரிப்ஷன் உருவாக்கும்போதே திறக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. 'செய்தி கிடைத்தது' என்று அக் (ack) கொடுக்கும் கெடு வழக்கமாக 10 விநாடி. உன் நிரல் 15 விநாடி எடுத்து, இடையில் கெடுவை நீட்டவும் இல்லை என்றால் அதே செய்தி திரும்ப வரும். ஒரே பஸ் இரண்டு தடவை எண்ணப்படுவது அப்படித்தான்.

வழியில் சிக்னல் இல்லாத இடத்தில் பஸ் போகிறது. 10.02க்கு எடுத்த இருப்பிடம் 10.09க்குத்தான் வந்து சேருகிறது. வரும் செய்திகளைக் கணக்கிடும் டேட்டாஃப்ளோவில் ஐந்து நிமிட விண்டோ (நேரத் துண்டு) போட்டிருந்தால் அது 10.00 முதல் 10.05 வரையிலான விண்டோவுக்குச் சொந்தம். 'இந்த நேரம் வரை உள்ளது வந்துவிட்டது' என்ற கணிப்பான வாட்டர்மார்க் அதற்குள் அந்த விண்டோவைத் தாண்டியிருந்தால், தாமதத்துக்கு விடும் சலுகையான அலவ்டு லேட்னஸ் கொடுக்காத பட்சத்தில், அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிழைச் செய்தி வராது, எண்ணிக்கை மட்டும் குறையும். நிகழ்ந்த நேரம், வந்த நேரம் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் பகுதி உன் கையில். ஓடும் ஜாப்பை நிறுத்தும்போது டிரெய்ன், கேன்சல் வித்தியாசமும் இங்கேதான்: டிரெய்ன் உள்ளே வந்ததை முடித்துவிட்டு நிற்கும், கேன்சல் அப்படியே போட்டுவிட்டுப் போகும்.

அதே பஸ் டேட்டா, கீயை வைத்து வரியைச் சட்டென்று எடுக்கும் டேட்டாபேஸான பிக்டேபிளுக்குப் போனால், ஒவ்வொரு வரியின் அடையாளமான ரோ கீயை நேரத்தில் ஆரம்பிக்காதே. புதிதாக வரும் எழுத்தெல்லாம் ஒரே நோடில் (கணினியில்) குவிந்து அது திணறும். பஸ் எண் முன்னால், நேரம் பின்னால். 'நேற்று எல்லா பஸ்ஸும் சராசரியாக எத்தனை நிமிடம் தாமதம்' என்பது பிக்டேபிளிடம் கேட்கிற கேள்வியே இல்லை, அதற்கு பிக்வெரி.

டேட்டாப்ராக்குக்கு அதிக நேரம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஸ்பார்க் (பல கணினிகளில் டேட்டாவைப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) நிரலை மாற்றாமல் நகர்த்தச் சொன்னால் அது. பராமரிப்பு வேலை குறைவாக, புதிதாக எழுதச் சொன்னால் டேட்டாஃப்ளோ.

பயிற்சிக்கு 300 டாலர் கிரெடிட் தருகிறார்கள், 90 நாளில் தீர்க்க வேண்டும். முதல் நாளே அதைத் திறக்காதே. பிக்வெரி சேண்ட்பாக்ஸுக்குக் கார்டு வேண்டாம்; எஸ்.கியூ.எல் பகுதியை அங்கே முடித்துவிட்டு, டேட்டாஃப்ளோவுக்கு வரும்போது கிரெடிட்டைத் தொடு. பட்ஜெட் அலர்ட் மெயில்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது. வேலைகளை வரிசைப்படி ஓட்டும் கம்போசரும் பிக்டேபிளும் சும்மா இருந்தாலும் காசு ஓடும். அதனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி ப்ராஜெக்ட் திறந்து, முடிந்ததும் ப்ராஜெக்டையே ஷட் டவுன் பண்ணிவிடு.

தேர்வு 2 மணி நேரம், 40 முதல் 50 கேள்வி, கட்டணம் 200 டாலரும் வரியும். தேறாவிட்டால் 14 நாள் கழித்துத்தான் மறுபடி, அதற்கும் முழுக் கட்டணம்.

தேதி விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள். சித்திரைத் திருவிழா லீவில் கோரிப்பாளையம் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதலாம் என்று நினைக்கிறாய். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் அந்தத் தெருவில் மைக்செட் ஓயாது, மொபைல் நெட் நகராது, வீட்டில் சொந்தக்காரர் கூட்டம். அறைக்குள் வேறு யாராவது எட்டிப் பார்த்தாலே கண்காணிப்பவர் தேர்வை நிறுத்தலாம். தேர்வு மையத்துக்கே போய் எழுது. வீட்டில்தான் என்றால் திருவிழா முடிந்து, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்து, அதைத் தவிர்த்துத் தேதி போடு. யு.பி.எஸ்ஸில் ரூட்டரையும் மாட்டு. லேப்டாப் மட்டும் உயிரோடு இருந்து பிரயோஜனம் இல்லை.

தேதி போட்டதும் எழுது. பஸ் உதாரணத்துக்கு ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் அனுப்பி வைக்கிறேன், வேண்டுமென்றே தாமதமாகச் செய்தி அனுப்புகிற மாதிரி.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்