பேரனுக்குப் புரோட்டீன் பவுடர், பாட்டிக்கு ரசம் சாதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரோட்டீன் பவுடர், அதாவது புரதப் பொடி, குடித்தால் எடை குறையுமா, பயிற்சி முடித்த பிறகு தசை சீக்கிரம் தேறுமா என்ற பேச்சு இப்போது சிங்கப்பூரில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. தேசிய சேவை முடித்து வந்த பையன் கேட்கிறான், கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ குறைக்க நினைக்கும் பெண் கேட்கிறாள், வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர் ஒருவர் அந்தப் பவுடரைக் கலக்கிக் குடிக்கும் ஷேக் விற்கிறார். நான் மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லை. வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சமைக்கிறேன், அந்த அக்கறையில் தேடிப் படித்தேன். எனக்குப் பட்டதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவில் இருப்பது ஒரு வகைச் சாப்பாடு, அவ்வளவுதான். அதை வாங்குகிறவர்களில் பலருக்கு அது தேவைப்படவில்லை. புரதம் உண்மையிலேயே தேவைப்படும் நம் வீட்டுப் பெரியவர்களின் தட்டிலோ அது போதுமான அளவு இல்லை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிய கவலை.

முதலில் எடை. எடை குறைப்பில் புரதத்துக்குப் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. சாப்பிட்ட திருப்தி கூடுதல் நேரம் நிற்கும். புரதத்தில் உள்ள கலோரியில் 20 முதல் 30 விழுக்காட்டை அதைச் செரித்துப் பயன்படுத்தவே உடல் செலவழித்துவிடுகிறது, மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 விழுக்காடுதான், கொழுப்புக்கு இன்னும் குறைவு. அப்புறம், சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், புரதம் போதுமான அளவு இருந்தால் அந்த இழப்பு குறையும். 2016ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இளைஞர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் நான்கு வாரத்தில் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள், 1.2 கிராம் எடுத்தவர்கள் 3.5 கிலோ இழந்தார்கள். கேட்கும்போதே பவுடர் வாங்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு குழுவுக்கும் தேவையான கலோரியில் 40 விழுக்காட்டைக் குறைத்திருந்தார்கள், வாரத்தில் ஆறு நாள் கடுமையான பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். ஷேக் விற்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. காலையில் வழக்கமான இட்லி, மதியம் வழக்கமான சோறு, சாயங்காலம் தேநீரோடு கறிபாப், இரவு சப்பாத்தி, எதையும் குறைக்காமல் அதற்கு மேல் ஒரு ஷேக். ஒரு ஸ்கூப், அதாவது டப்பாவோடு வரும் ஓர் அளவுக் கரண்டி, பவுடரில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கும், அதை ஒரு குவளை முழுக்கொழுப்புப் பாலில் கலந்தால் இன்னொரு 150 சேரும், வாழைப்பழமும் கடலை வெண்ணெயும் போட்டு அரைத்தால் அது ஒரு வேளைச் சாப்பாட்டையே எட்டிவிடும். இப்படிக் குடித்துவிட்டு எடை ஏன் இறங்கவில்லை என்று மனம் உடைந்து போகிறவர்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் உண்மையாகவே முயற்சி செய்கிறார்கள், பணமும் செலவழிக்கிறார்கள். பவுடர் ஏதாவது ஒரு உணவுக்குப் பதிலாக வந்தால்தான் பயன், கூடுதலாக வந்தால் எடைதான் கூடும்.

அடுத்து தசை. கனமான பயிற்சி செய்த மறுநாள் படியிறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அது ஒன்றிலிருந்து மூன்று நாள் இருந்துவிட்டுத் தானாகவே போகும். பவுடர் குடித்தால் அந்த வலி குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நல்ல தூக்கமும், அடுத்த பயிற்சிக்கு முன் போதிய இடைவெளியும், நாள் முழுக்கச் சேரும் மொத்தப் புரதமும்தான் முக்கியம். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று பையன்கள் உடற்பயிற்சிக் கூடத்திலேயே டப்பாவைக் குலுக்குகிறார்கள். 2013ல் வெளிவந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மொத்தப் புரத அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்த நேரக் கணக்குக்குப் பெரிய மதிப்பு இல்லை என்று காட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம், ஒன்றும் கெட்டுப் போகாது.

தசை வளர்ச்சி பற்றி 2018ல் 49 ஆய்வுகளைச் சேர்த்து, 1,800க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குப் பலன் இருந்தது உண்மை, ஆனால் சராசரியாகக் கூடுதலாகக் கிடைத்த தசை ஏறக்குறைய 0.3 கிலோதான், மற்றபடி தசையை வளர்த்தது பயிற்சி. அதோடு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 70 கிலோ எடையுள்ள, எடை தூக்கும் ஒரு பையனுக்கு அது நாளுக்கு 112 கிராம். காலையில் மூன்று முட்டை 18 கிராம், மதியம் கோழிச் சோறு, சாயங்காலம் பால், இரவு மீனோ கோழியோ ஒரு பெரிய துண்டு, கூடவே பருப்பு என்று சாப்பிடுகிறவன் பெரும்பாலும் அந்த அளவை நெருங்கிவிடுவான். மிச்சத்தைச் சமைக்க நேரமில்லை என்றால் ஒரு ஸ்கூப் போட்டுக்கொள்ளட்டும், 24 கிராம் வரை கிடைக்கும், தப்பே இல்லை. ஆனால் ஈரச்சந்தையில் 30 முட்டைத் தட்டு எவ்வளவுக்குக் கிடைக்கிறது, அந்த டப்பா எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு முட்டையில் ஒரு ஸ்கூப் அளவு புரதம் இருக்கிறது. இன்னும் வளரும் வயதில் இருக்கிற, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் டப்பா கேட்கிறார்கள், அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடே போதும்.

சரி, இப்போது பாட்டிக்கு வருவோம். வயதுவந்த எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் அளவு நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களின் உடல் சாப்பிட்ட புரதத்தை முன்போலத் தசையாக மாற்றாது, அதனால் அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன, நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு அதற்கும் மேல். 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு 50 முதல் 60 கிராம். அவர் என்ன சாப்பிடுகிறார்? காலையில் மூன்று இட்லியும் கொஞ்சம் சாம்பாரும், மதியம் ரசம் சாதமும் ஒரு கூட்டும், சாயங்காலம் பால் கலந்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், இரவு பல் வலிக்கிறது என்று கஞ்சி. இட்லி ஒன்றில் 2 கிராம் புரதம் இருந்தால் அதிகம். எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதியைத் தாண்டாது. பேரன் தேவைக்கு மேல் ஒரு ஸ்கூப் போட்டுக் குலுக்கும் அதே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், பாட்டிக்குப் பாதிப் புரதம்தான் போகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அம்மா இளைத்துவிட்டார், நல்லதுதான், சர்க்கரை கட்டுப்படும் என்று சந்தோஷப்படுகிறோம். வயதானவர் முயற்சி செய்யாமலே இளைக்கிறார் என்றால் அதில் கணிசமான பங்கு தசையாக இருக்கலாம். எடை பார்க்கும் இயந்திரத்துக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா, சாலையைப் பச்சை விளக்கு மாறுவதற்குள் கடக்க முடிகிறதா என்று பாருங்கள், தராசு சொல்லாததை அது சொல்லும். நம் இந்தியர்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கும் உடல்வாகு அதிகம், தசை குறைந்தால் சர்க்கரையைப் பயன்படுத்தும் இடமும் குறைகிறது, ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

புரட்டாசி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்கச் சைவம் இருப்பது நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோழியும் மீனும் போன இடத்தில் உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும் வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் தவ்குவா என்ற கெட்டியான சோயாக் கட்டி வரலாம், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே வரலாம். 100 கிராம் டெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, இந்த ஊரில் எந்தச் சந்தையிலும் கிடைக்கிறது, மலாய்க்காரர்கள் எவ்வளவு அருமையாகச் சமைக்கிறார்கள், நம் வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் அது ஏனோ அவ்வளவாக வருவதில்லை. கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, கெட்டிப் பருப்பு, தயிர் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான், ஆனால் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் வைக்கிறோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க ஒரு வேளை உணவோடு நீண்ட விரதம் இருப்பவர்களுக்கு, பல் இல்லாத பெரியவர்களுக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் பசியே எடுக்காதவர்களுக்கு, அந்த மாதிரி இடத்தில் ஒரு ஸ்கூப் பவுடரைக் கஞ்சியிலோ பாலிலோ கலந்து கொடுப்பது நல்ல உதவி. வே பவுடர் பாலிலிருந்து வருவது, விரதக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோயா வகை இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்களுக்கு, டயாலிசிஸ் தொடங்காத நிலையில், மருத்துவர்கள் பெரும்பாலும் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நீரிழிவுதான் காரணம், நீரிழிவு நம் சமூகத்தில் எவ்வளவு அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் அக்கம்பக்கத்தில் சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு பெரியவருக்கு, அவருடைய மருந்துப் பட்டியலைக்கூடப் பார்க்காமல், ஒருவர் மாதக் கணக்கில் ஷேக் விற்க முயன்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும், அதற்கு அப்புறம் டப்பாவைத் திறக்கலாம். "ஒரே வாரத்தில் ஐந்து கிலோ" என்று இணையத்தில் விற்கும் மெலிவுப் பொடிகளும் காப்பித்தூள்களும் வேறு ரகம், அவற்றைத் தொடவே வேண்டாம். 2010லேயே இங்கே சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து அப்படிப்பட்ட பொருள்களில் ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது, இதயத்தைப் பாதிக்கக்கூடியது அது. ஆரோக்கியத் துணைப்பொருள்களை விற்பதற்கு முன் மருந்தைப்போல ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது, கடையில் இருப்பதாலேயே யாரோ சோதித்திருப்பார்கள் என்று நம்பிவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்குப் புரதம் மட்டும் கொடுத்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தசைக்கு வேலை கொடுத்தால்தான் சாப்பிட்டது தசையில் சேரும். நம் பெண்கள் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள், நல்லது, ஆனால் எடை தூக்கும் பயிற்சி என்றால் அது ஆண் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அது அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இட்லி, சப்பாத்தி, சாம்பார், மீன் குழம்பு, தவ்குவா, சுண்டல் என்று நாம் அன்றாடம் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு புரதம் என்று ஓர் உணவியல் நிபுணரிடம் கேட்டு, பெரிய எழுத்தில், வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கும்படி ஒரு பக்கம் போடுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் தட்டில் கால் பங்கு புரதம் இருக்கட்டும் என்கிறது, நம் தட்டில் அந்தக் கால் பங்கு எப்படி இருக்கும் என்பதையும் படமாகக் காட்டுங்கள். கோயில் அன்னதானத்தில் பருப்பைக் கெட்டியாக வைத்து, சுண்டலையும் ஒரு கரண்டி சேர்த்தால் அங்கே வந்து சாப்பிடும் எத்தனையோ தனிக்கட்டைப் பெரியவர்களுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் அது அன்றைக்கான நல்ல உணவாக இருக்கும், கோயில் நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும். சமூக மன்றங்களில் மூத்தோருக்கான எடைப் பயிற்சி வகுப்பைத் தமிழில் நடத்த யாராவது முன்வந்தால் என் அம்மாவையும் பக்கத்து வீட்டு அம்மாக்களையும் நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி