டானூப் எங்கே போயிடப் போகுது, சித்தப்பா?

மதுரை, 20 மார்ச் 2022

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நீங்கள் பேச, நான் "ம்" கொட்டுவதோடு முடிந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் போடுவதற்குக் காரணம், உங்கள் வாக்கிங் கூட்டாளிகளும் என்னைப் பிடித்து வைத்து இதையேதான் கேட்கிறார்கள்: "பிளேனெல்லாம் விடப்போறாங்களாமே தம்பி, இந்த ஆத்துக் கப்பல் டூர் எப்பப் போகலாம்?"

விடப்போவது உண்மைதான். கொரோனாவால் 2020 மார்ச் 23-இல் நிறுத்திய வழக்கமான சர்வதேச விமானங்கள் வருகிற 27ஆம் தேதி மறுபடி தொடங்குகின்றன. செய்தி வந்த அன்றைக்கே நீங்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டதாகச் சித்தி சொன்னார்கள். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஐரோப்பாவில் டானூப் ஆற்றுக் கப்பல் பயணத்துக்குக் கிளம்புவதாகத் திட்டமாம். வேண்டாம் சித்தப்பா. செப்டம்பர் முதல் வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் திருவிழாக் கணக்கைப் பார்ப்போம். 2020-இல் அழகர் வரவே இல்லை. 2021-இல் எல்லாம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. இந்த வருசம் ஏப்ரல் 16-இல் ஆற்றில் இறங்குகிறார். ரெண்டு வருசத்து ஏக்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஊரே வைகைக்கரைக்கு வரும். நீங்களும் போவீர்கள், தடுக்க யாராலும் முடியாது. நானும் வருவேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு வந்த மறுவாரமே பிளேன் ஏறுவது எப்படி? தொற்று வெளியே தெரிய நாள் பிடிக்கும். டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் சென்னையிலேயே திரும்ப வேண்டியதுதான். நெகட்டிவ் வந்து, நாலு நாள் கழித்துக் கப்பலில் காய்ச்சல் வந்தால் அது இன்னும் மோசம். அழகரைப் பார்ப்பதா, டானூபைப் பார்ப்பதா என்று உங்களைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"இங்கதான் கேஸே இல்லையே" என்பீர்கள். இங்கே ஜனவரி அலை வடிந்துவிட்டது, சரி. நீங்கள் போகிற ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இந்த மாதம்தான் தினசரி எண்ணிக்கை இதுவரை இல்லாத உச்சத்தில் இருக்கிறது. ஆனாலும் எண்ணிக்கையைப் பார்த்துத் தேதி குறிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் பணம் கட்டுகிற பயணத்துக்கு இன்றைய கேஸ் நிலவரம் என்னத்துக்கு ஆகும்? போன நவம்பர் கடைசியில் ஒமிக்ரானுக்குப் பெயர் வைத்தார்கள். ஜனவரியில் நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு. இடையில் ஆறு வாரம்தான்.

அதனால், ஒட்டுமா ஒட்டாதா என்பதை விடுங்கள். ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கையில் இருக்கிற மாதம்தான் கிளம்புகிற மாதம்.

நாலாம் நாள் என்றே வைத்துக்கொள்வோம். கப்பல் ஆஸ்திரியாவின் மெல்க் ஊரில் நிற்கிறது. மேலே பாறையில் மஞ்சள் நிறத்தில் பெரிய மடாலயம். கீழே சின்ன ஊர். காலையில் உங்களுக்குத் தொண்டை கரகரப்பு, குச்சியை விட்டுப் பார்த்தால் இரண்டு கோடு. இந்த ஆற்றுக் கப்பல்களில் பெரும்பாலும் டாக்டர் கிடையாது, கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்து உங்களை அறைக்குள்ளேயே வைப்பார்களா, இறக்கி ஓட்டலில் விடுவார்களா? அந்த ஓட்டல் வாடகை யார் தலையில்? சித்திக்கு நெகட்டிவ் என்றால் அவர்களை உங்களோடு இறக்குவார்களா, இல்லை பயணம் முடிகிற புடாபெஸ்ட் வரை தனியாகக் கூட்டிப் போவார்களா? உங்கள் சுகர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? திரும்புகிற டிக்கெட்டை மாற்ற என்ன செலவு? இதையெல்லாம் கப்பல் கம்பெனியிடம் மெயிலில் கேளுங்கள். டவுன்ஹால் ரோட்டு ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்குவாங்க சார்" என்று வாயால் சொல்வது பதில் ஆகாது.

இன்சூரன்சும் அப்படித்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஓட்டல் அறையில் அடைபட்டுக் கிடக்கிற நாட்களுக்கும் பணம் தருமா என்று தனியாகப் படித்துப் பாருங்கள். பாலிசிப் புத்தகத்தில் "விலக்குகள்" என்று ஒரு பகுதி இருக்கும், முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.

பெரிய கப்பலைவிட இது பாதுகாப்பு என்று நீங்கள் வாதாடியதில் பாதி நியாயம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் என்ற பெரிய சுற்றுலாக் கப்பலில் 3,711 பேர்; எழுநூறு பேருக்கு மேல் தொற்று. ஆற்றுக் கப்பலில் பெரும்பாலும் 190 பயணிகளுக்குள்தான். ஆனால் அடுத்த மாதமே எகிப்தில் லக்சரில் நின்ற நைல் கப்பலில் 45 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். சின்னக் கப்பல் என்றால் நெருக்கமும் கூடத்தான். கால்வாய்களில் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள் 12 மீட்டர் அகலம் என்பதால் பெரும்பாலான கப்பல்களைச் சுமார் 11.4 மீட்டர் அகலத்துக்குமேல் கட்டுவதில்லை. நடைபாதையில் எதிரே ஒருவர் வந்தால் தோள் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, விளம்பரப் புத்தகத்தில் போடமாட்டார்கள். படித்துறையில் இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்குப் போக நடுவில் இருக்கிற கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து அடுத்த கடை வழியாக வெளியே வந்திருக்கிறோமே, அந்த மாதிரி. உங்கள் கப்பலில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாலும் அடுத்த கப்பலில் எடுத்தார்களோ என்னவோ. அறை எடுக்கும்போது காசு பார்த்து அடித்தளத்தில் எடுக்காதீர்கள். அங்கே கண்ணாடி திறக்காது. மேல்தளத்தில் கதவை முழுசாகத் திறக்கலாம். தனிமைப்படுத்திவிட்டாலும் மூச்சு முட்டாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். கூடுதல் காசு கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள், ஸ்பாவுக்கு வேண்டாம்.

சரி, ஏன் செப்டம்பர்? குளிர்காலம் கூடாது, இரண்டு வருசமாக அங்கே அலை அப்போதுதான் எழும்புகிறது. கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாம் என்று சித்தி ஆசைப்பட்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் சந்தை 2020-இலும் நடக்கவில்லை, 2021-இலும் நடக்கவில்லை. போன நவம்பர் 22-இல் ஆஸ்திரியா முழுவதையும் பூட்டினார்கள். மே, ஜூனில் பனி உருகி மழையும் சேர்ந்தால் ஆறு ஏறிவிடும். 2013 ஜூனில் ஜெர்மனியின் எல்லை நகரமான பாசாவில் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அவ்வளவு வெள்ளம் இல்லை. அத்தனை வேண்டாம், கொஞ்சம் ஏறினாலே பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. கோடை முடிவில் தண்ணீர் குறைவதும் உண்டு. அதில் அதிகம் சிக்குவது பாசாவுக்கு முன்னால் ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே அணை இல்லாத எழுபது கிலோமீட்டர். கப்பல் போகாவிட்டால் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்கில் கூட்டிப் போவார்கள். கிருமிக்கு அதைவிட வசதி வேண்டுமா? அதனால் நியூரம்பெர்க்கிலிருந்து ஏறாமல், பாசாவில் ஏறி புடாபெஸ்டில் இறங்குங்கள். அந்தத் துண்டு தொலைந்தது. வைகையில் தண்ணீர் வந்தாலே செய்தியாகிற ஊரில் பிறந்த நமக்கு, தண்ணீர் கூடிப்போனதால் பயணம் நிற்கும் என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 31. மறுநாள் கிளம்பினால் புரட்டாசி பிறப்பதற்குள் வீடு வந்துவிடலாம். சித்தி சனிக்கிழமை விரதத்தைக் கப்பல் சாப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

தடுப்பூசிக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. இரண்டாவது டோஸ் போட்டு 270 நாள் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணச் சான்றிதழில் அது செல்லாது, பிப்ரவரி 1 முதல் இதுதான் விதி. நம் ஊரில் மூன்றாவது ஊசிக்கு 39 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 273 நாள்! யார் யாரோடு பேசி வைத்தார்களோ தெரியவில்லை. நீங்கள் இருவரும் போன ஜூனில் போட்டதால் இப்போது நேரம் வந்துவிட்டது. சுகர் இருப்பதால் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. இந்த 16ஆம் தேதி முதல் 60 தாண்டிய எல்லாருக்கும் உண்டு என்பதால் சித்தியும் போட்டுக்கொள்ளலாம். கிளம்ப நாள் நெருங்கட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

அதுவரை கை சும்மா இருக்காது என்றால் ஆலப்புழைப் படகுவீட்டுக்குப் போய் வாருங்கள். தேனி, குமுளி வழியாகக் காரிலேயே போய்விடலாம். படகில் உங்கள் குடும்பமும் படகுக்காரர்களும் மட்டும்தான், வேறு ஆள் கிடையாது. பெருந்தொற்றுக் காலத்துக்கென்றே யாரோ யோசித்துக் கட்டியது போல இருக்கும். "அது வாய்க்கால்" என்று நீங்கள் மூக்கைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கரிமீன் பொள்ளிச்சது டானூபில் கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணை கிளம்புவதற்கு 90 நாள் முன்பு என்றீர்கள். அப்படியானால் ஜூன் முதல் வாரம். நீங்கள் உண்மையில் முடிவு செய்ய வேண்டிய நாள் அதுதான். இன்றைக்கு முன்பணத்தோடு நிறுத்துங்கள். அன்றைக்கு வியன்னாவில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிகிறதா, கம்பெனியின் பதில் எழுத்தில் வந்ததா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்த வருசத்துக்குத் தள்ளுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

இடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சித்தியின் பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது. ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருந்தால்தான் ஷெங்கன் விசா தருவார்கள். திங்கட்கிழமை ஆன்லைனில் நானே விண்ணப்பம் போட்டுவிடுகிறேன். பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வெளிச்சத்தில் வைத்து எடுத்து.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்