வானுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் தொடங்கப் போகிறது. வெளியூர் வான்கள் வந்து கடற்கரையோரம் வரிசையாக நிற்கும். அதற்கு முதல் இந்தக் கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்தால் நாலு பேருக்காவது உதவும். விஷயம் சின்னதுதான், ஒரு ஸ்பெயார் வீல். ஆனால் அது இல்லாமல் காட்டு வழியில் நான் குடும்பத்தோடு இருந்த மூன்றரை மணித்தியாலம் சின்னதாகத் தெரியவில்லை.

நான் துறைமுகத்தில் 31 வருடம் பாரந்தூக்கிகள் திருத்தும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என்னிடம் ஒரு டொயோட்டா ஹையேஸ் இருக்கிறது, எல்லோரும் கே.டி.எச். என்று சொல்லும் வகை. இரண்டு வருடத்துக்கு முதல் நானும் மருமகனும் சேர்ந்து அதன் பின் சீற்றுகளைக் கழற்றி, பலகைக் கட்டில், தண்ணீர்த் தாங்கி, ஒரு சின்ன காஸ் அடுப்பு எல்லாம் வைத்து அதைக் கெம்பர் வானாக்கினோம். மனைவி அதை 'உங்கட இரண்டாவது குடும்பம்' என்றுதான் சொல்லுவா. கட்டிலுக்குக் கீழே தாங்கியும் பற்றரியும் போனபிறகு ஒரு செருப்பு வைக்கக்கூட இடமில்லை. ஸ்பெயார் வீலை உள்ளே எடுத்து வைக்கலாம் என்று மருமகன் அப்போதே சொன்னார். கொம்பனி அதை எங்கே வைத்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்று சொன்னவன் நான்.

போன ஆவணியில் கண்டியில் ஒரு கலியாணம். பின்னேரம் புறப்பட்டோம். கந்தளாயில் தேநீருக்கு நின்றதில் நேரம் போய்விட்டது. கல்ஓயாச் சந்திக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் காடு, நன்றாக இருட்டிவிட்டது, பின் இடது சில்லில் காற்றுப் போய்விட்டது. அந்த வழியில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், இருட்டிய பிறகு வீதியைக் கடப்பது மனிதரை விட யானைதான் அதிகம். ஜக்கை எடுத்து, நெம்புகோலை எடுத்து, ஸ்பெயார் வீலை இறக்கலாம் என்று டோர்ச்சோடு குனிந்தேன். சில்லைத் தாங்கும் தட்டு மட்டும் அதன் சங்கிலியில் காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது. சில்லு இல்லை.

கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மீன் லொறித் தம்பி நிறுத்தினார். காற்றுப்போன சில்லைக் கழற்றி, அதையும் மருமகனையும் ஏற்றிக்கொண்டு ஹபரணைக்குப் போனார். போகும்போது என்னிடம், "ஐயா, இறங்கி வெளிய நிக்காதீங்க, உள்ளுக்கயே இரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜக்கை நம்பி ஆட்களை உள்ளே இருத்துகிறவன் அல்ல. அச்சுக்குக் கீழே கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் மனைவியையும் பேத்தியையும் ஏற விட்டேன். பேத்தி யானை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். மனைவி வரக்கூடாது என்று பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தா. யானை வரவில்லை. நேர்த்திக் கடன் இன்னும் பாக்கி.

அடுத்த வாரம் ஊர் திரும்பியதும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாடு எழுதிய தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, எப்ப களவு போனது?" எனக்குப் பதில் இல்லை. "எந்த இடத்தில?" அதற்கும் இல்லை. "கடைசியா எப்ப பார்த்தீங்க?" அதற்கு மட்டும் இருந்தது. சித்திரைப் புதுவருடத்தன்று கோணேசரைக் கும்பிட்டுவிட்டுக் கோட்டைக்குள் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது, மான்களுக்கு நடுவில் விளையாடிய பேத்தியின் பந்து வானுக்குக் கீழே உருண்டு போனது. அதை எடுக்கக் குனிந்தபோது சில்லு இருந்தது. சித்திரையிலிருந்து ஆவணி வரை நாலு மாதம். இடையில் எத்தனை இரவு, எத்தனை இடம்! கடற்கரையோரம் காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த விடும் ஒரு வளவிலும் பல இரவு நின்றிருக்கிறோம். அந்த ரிக்கற்றின் அடியில் 'வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சடித்திருக்கும். சரி, பொறுப்பு என்னுடையதுதான். ஆனால் காசு வாங்குகிற இடத்தின் பின் மூலையில் ஒரு விளக்குக் கூடவா போட முடியாது?

இதைக் களவெடுக்க என்ன வேண்டும் தெரியுமா? என்னுடைய வண்டியிலேயே இருக்கும் நெம்புகோல் போல ஒன்று, அவ்வளவுதான். இந்த வகை வான்களில் ஸ்பெயார் வீல் பின்பக்கம் தரைக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலியில் தொங்குகிறது. பின் பம்பர் பக்கத்துத் துளையில் கோலைச் செருகி இடப்பக்கமாகச் சுற்றினால் சங்கிலி இறங்கும், சில்லு நிலத்தில் படுக்கும், தட்டைச் சரித்து எடுத்தால் சில்லு கையில். கதவு திறக்க வேண்டாம், கண்ணாடி உடைக்க வேண்டாம், அலாரம் அடிக்காது. பழகிய கை என்றால் இரண்டு மூன்று நிமிடம். நாங்கள் மேலே கட்டிலில் படுத்திருந்தால்கூட கடல் இரைச்சலில் கேட்காது. கேட்டிருந்தாலும் நாய் என்று நினைத்திருப்பேன்.

இந்தச் சில்லுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், இது 15 அங்குல, ஆறு போல்ட் இரும்புச் சில்லு. பல ஹைலக்ஸ் வண்டிகளுக்கும் அதே போல்ட் இடைவெளிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியைத்தான் எல்லோரும் இழுத்து ஓட்டினோம். பழைய சாமானுக்கெல்லாம் பொன் விலை.

இனி எனக்கு வெட்கமான பகுதி. பொலிஸில் சில்லு வாங்கிய ரசீது கேட்டார்கள். என்னிடம் இல்லை. வானோடு வந்த சில்லு ஒரு தரம் கல்லில் அடிபட்டு வளைந்து போனதால், 2021இல் ஒரு பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கினேன். ரசீது கேட்கவில்லை. 'இது எங்கிருந்து வந்தது தம்பி?' என்றும் கேட்கவில்லை. விலை கொஞ்சம் குறைவாக இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள், தின்னர் மணம் அடித்தது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்! களவு போனது அந்தச் சில்லுதான்.

மாற்றுச் சில்லு தேடி வேறொரு கடைக்குப் போனபோதுதான் எனக்கு இது உறைத்தது. அங்கேயும் ஒரு சில்லு, அங்கேயும் அதே தின்னர் மணம். நடுவில் யாரோ தங்கள் வண்டி இலக்கத்தைத் தூரிகையால் எழுதியிருந்திருக்கிறார்கள், அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருந்தது. சரித்துப் பார்த்தால் ஒரு '7' இன்னும் தெரிந்தது. நான் வாங்கவில்லை. என்ன காரணம் என்று கடைக்காரரிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை. 'பிறகு வாறன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கள்ளனுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது கள்ளச் சந்தை என்று வேறெங்கோ கையைக் காட்டுகிறோம். என் விஷயத்தில் அந்தச் சம்பளம் என் சட்டைப் பையிலிருந்துதான் போயிருக்கிறது.

பழைய சில்லு வாங்கி விற்கிற கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி வையுங்கள். கொண்டு வருகிறவரின் அடையாள அட்டை இலக்கம், திகதி, டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறி, இவ்வளவு எழுதினால் போதும். அந்தக் குறியின் கடைசி நாலு இலக்கம் டயர் செய்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நகைக் கடையில் பழைய நகை கொடுத்தால் அடையாள அட்டை கேட்கிறார்கள்தானே, யாரும் கோபிப்பதில்லை. வாங்குகிறவர்கள் அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துத்தான் நான் 2021இல் வாய்மூடி நின்றேன்.

வண்டிக்காரர்களுக்கு நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் நான் செய்தது பிழை. இரும்புக் கடையில் ஒரு மலிவான ஆமைப்பூட்டும் மெல்லிய கம்பிக் கயிறும் வாங்கி, தட்டைத் தாங்கும் சங்கிலியோடு சேர்த்துப் பூட்டினேன். கராஜ் பாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, கள்ளன் உங்கட பூட்டைத் தொட மாட்டான். மேல இருக்கிற சங்கிலிய போல்ட் கட்டரால ஒரு கடி. பூட்டு, கயிறு, சில்லு மூண்டும் அவனோட போகும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. சில்லின் நடுத் துளைக்குள்ளால் தடித்த கடினச் சங்கிலியைக் கோத்து, அதை வண்டியின் சட்டத்திலேயே சுற்றிப் பூட்ட வேண்டும். பிரேக் குழாயையும் சைலன்சரையும் தொடாமல் கொண்டுபோக வேண்டும், அச்சு மேலும் கீழும் ஆடும் இடத்துக்குள் வரக்கூடாது. தொய்வில்லாமல் இறுக்கிக் கட்டாவிட்டால் குழியில் விழும்போதெல்லாம் கடகடவென்று அடிக்கும். நான் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சங்கிலிக்கு உறை மாதிரிப் போட்டிருக்கிறேன். சத்தமும் இல்லை, துருவும் குறைவு.

துரு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. வாடைக் காலம் ஒன்று போனால் இரும்பு ஆமைப்பூட்டு கல்லாகிவிடும். என் முதல் பூட்டு அப்படித்தான் ஆனது. திறப்பு உள்ளேயே முறிந்து, இரும்பு வாளால் நானே முக்கால் மணித்தியாலம் அறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட வான்தானே அது?" என்று கேட்டார். இப்போது பித்தளை உடலும் துருப்பிடிக்காத உருக்கு வளையமும் உள்ள பூட்டு வைத்திருக்கிறேன். வளையம் வெளியே அதிகம் தெரியாத வகை, கட்டரின் வாய் போகாது. மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் திறந்து பூட்டுகிறேன். அதே நேரம் சில்லையும் நிலம் மட்டும் இறக்கி ஏற்றுகிறேன், இல்லாவிட்டால் அந்தச் சுற்றுப் பொறியும் இறுகிவிடும். கள்ளன் எடுக்காத சில்லை நீங்களும் எடுக்க முடியாமல் போனால் என்ன பிரயோசனம்? காற்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். களவு போகாமல் இருந்திருந்தாலும் என் சில்லில் அன்றைக்குக் காற்று இருந்திருக்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை.

காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. இரவில் நிறுத்தும்போது பின்பக்கத்தை மதிலோடு ஒரு சாண் இடைவெளிக்கு ஒட்டி நிறுத்துங்கள். கோல் செருக இடமிருக்காது, சில்லை இழுத்தெடுக்கவும் முடியாது. கடற்கரையில் மதில் எங்கே என்று கேட்பீர்கள். தென்னை மரம் இருக்கிறதே. தேங்காய் விழாத மரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின் கதவில் சில்லைத் தொங்கவிட்டிருக்கும் ஜீப்காரர்களுக்கு இந்த வித்தை சரிவராது. அவர்களுக்குத் தனிச் சாவியால் மட்டும் கழலும் நட் கிடைக்கிறது, அந்தச் சாவியை ஜக் பையிலேயே போட்டு வைக்காமல் இருந்தால் சரி.

இன்னொன்று, சில்லில் அடையாளம் போடுங்கள். வர்ணத்தில் எழுதினால் தேய்த்துவிடுவார்கள், நான் கண்ணால் கண்டேன். நான் இப்போது இலக்க உளியால் செசி இலக்கத்தின் கடைசி ஆறு எண்களை நடுத் தட்டின் உட்பக்கத்தில் அடித்திருக்கிறேன். டயர் உட்காரும் விளிம்பில் அடிக்கக் கூடாது, அங்கே காற்றுக் கசியும். அடித்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பொலிஸ் தம்பி என்னிடம் கேட்டால் காட்ட ஒன்றாவது இருக்கும்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுதிய உண்மையான காரணம். 2021இல் நான் வாங்கிய சில்லின் உள் விளிம்பில், கறுப்பு வர்ணம் உரிந்த இடத்தில், ஒரு பச்சைக் கோடு இருந்தது. கையால் இழுத்த கோடு, யாரோ தன் சில்லுக்கு வைத்த அடையாளம். அதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன், யோசித்ததில்லை. அந்த வருடமோ அதற்கு முதலோ பச்சைக் கோடு போட்ட கே.டி.எச். சில்லை யாராவது தொலைத்திருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள், என்னிடம் சேர்த்துவிடுவார்கள். சில்லு இப்போது என்னிடமும் இல்லை. ஆனால் நான் கொடுத்த அந்தக் குறைந்த விலை எவ்வளவு என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை உங்களுக்குத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாரந்தூக்கித் திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை